28 சதவீதம் என்ற எண்ணும் குளத்து மீனின் எடையும்

ஒரத்தநாட்டுப் பக்கத்தில் எங்கள் குடும்பம் நெல்லுக்கு அடுத்தபடியாகக் குளத்து மீனை நம்பியிருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று கெண்டை மீன்களையும் கொஞ்சம் புல்கெண்டையையும் சேர்த்து விடுவதும், கடலைப் பிண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் சமபங்காகக் கலந்து போடுவதும் என் தந்தை காலத்திலிருந்து வந்த முறை. தொழிற்சாலையில் செய்த மிதவைத் தீவனம் எங்கள் பகுதியில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு முறைகளையும் அடுத்தடுத்த குளங்களில் பல சுற்றுகளாகப் பார்த்து வந்திருக்கிறேன். மீன் வளர்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் தீவனத்தைப் பற்றியவையாகவே இருப்பதால், நான் கண்டதையும் அதன் காரணமாக அறிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

பக்கத்துக் குளத்துக்காரரான என் பெரியப்பா ஒருமுறை கேட்ட கேள்வியிலிருந்தே இதைத் தொடங்குவது பொருத்தம். "தம்பி, மூட்டையிலே 28 சதவீதம் புரதம்னு அடிச்சிருக்கான். நம்ம பிண்ணாக்கையும் தவிட்டையும் கலந்தாலும் அதே கணக்குத்தானே வருது? அப்புறம் எதுக்கு இவ்வளவு விலை?" என்றார். அவர் கணக்கில் பிழை இல்லை. நல்ல கடலைப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 42 சதவீதமும் எண்ணெய் நீக்கிய தவிட்டில் ஏறத்தாழ 14 சதவீதமும் புரதம் இருக்கிறது. சமபங்காகக் கலந்தால் சரியாக 28 வருகிறது. ஆனாலும் ஒரே நாளில் ஒரே பண்ணையிலிருந்து வாங்கி விட்ட ரோகுக் குஞ்சுகள், மிதவைத் தீவனம் போட்ட குளத்தில் விற்பனை எடையைச் சில மாதங்கள் முன்னதாகவே எட்டுகின்றன. அதற்குச் செலவாகும் தீவனத்தின் எடையும் பாதிக்கு அருகில் குறைந்துவிடுகிறது. எண் ஒன்றாக இருக்க, எடை ஏன் வேறாகிறது என்பது விளங்கினால், எந்தத் தீவனத்தை எப்போது, எவ்வளவு போடுவது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதல் காரணம் புரதத்தின் அளவைவிட அதன் சேர்மானத்தைச் சேர்ந்தது. மீன் தன் தசையைக் கட்டிக்கொள்ளப் பத்து அமினோ அமிலங்களை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும். அவற்றில் எது மிகவும் குறைவாக இருக்கிறதோ, அதுவே வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கிறது. கடலைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் ஏறத்தாழ 3.5 சதவீதம்தான் இருக்கிறது. கெண்டை இனங்களுக்கோ அது 5.5 சதவீதத்துக்கு மேல் வேண்டும். மெத்தியோனின் என்ற மற்றோர் அமினோ அமிலமும் கடலையில் குறைவே. ஆகையால் பிண்ணாக்கை எவ்வளவு கொட்டினாலும், லைசின் போதாத இடத்தில் தசை கட்டுவது நின்று, மிச்சப் புரதம் எரிந்து அம்மோனியாவாகச் செவுள் வழியே நீருக்குள் போகிறது. தொழிற்சாலைத் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு, மீன்தூள், கடுகுப் பிண்ணாக்கு போன்ற பல மூலங்களைக் கலந்து ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடு செய்கிறார்கள். போதாதபோது லைசினையும் மெத்தியோனினையும் தனியாகவே சேர்க்கிறார்கள். விலையின் ஒரு பகுதி இந்த ஈடுகட்டலுக்கானது.

இரண்டாவது காரணம் மீனின் உடலமைப்பில் இருக்கிறது. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கு உண்மையான இரைப்பை கிடையாது. உணவுக்குழாயைத் தாண்டியதும் நேரே நீண்ட குடல்தான். எனவே அமிலத்தில் ஊறிக் கரையும் கட்டம் அவற்றின் செரிமானத்தில் இல்லை. மீன்தூளிலுள்ள எலும்புப் பாஸ்பரஸை அவற்றால் எளிதில் கரைத்து எடுத்துக்கொள்ள முடியாது. தவிட்டிலுள்ள பாஸ்பரஸோ பைட்டேட் என்ற கட்டுக்குள் சிக்கியிருக்கிறது. அதனால்தான் நல்ல தீவனங்களில் எளிதில் கரையும் மோனோ கால்சியம் பாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். இரைப்பை இல்லாத மீனால் ஒரே வேளையில் நிறைய உண்டு சேமித்துவைக்கவும் முடியாது. காலையில் ஒரு கூடை பிண்ணாக்கைக் கரைத்துக் கொட்டிவிட்டு வயலுக்குப் போய்விடும் வழக்கம் இங்கேதான் மீனுக்குப் பொருந்தாமல் போகிறது. ஒரே அளவை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக் கொடுத்தாலே, தீவனத்தை மாற்றாமலேயே வளர்ச்சியில் வேறுபாடு தெரியும்.

மூன்றாவது காரணம் வேகவைப்பு. மிதவைத் தீவனம் செய்யும் இயந்திரத்தில் மாவு நீராவியோடு பிசையப்பட்டு, 100 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் சிறு துளைகள் வழியே தள்ளப்படுகிறது. வெளியே வந்தவுடன் அழுத்தம் சட்டென்று குறைவதால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி உருண்டையை உப்பவைக்கிறது. அது மிதப்பதற்குக் காரணம் இந்த உப்பல்தான். இதில் மாவுச்சத்து நன்றாக வெந்துவிடுவதால் கெண்டை அதை ஆற்றலுக்காகப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. புரதம் எரியாமல் தசைக்கு மிஞ்சுகிறது. சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் அந்த வெப்பத்தில் பெருமளவு அழிகின்றன. பச்சைத் தவிட்டுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

நான்காவது காரணம் எல்லாவற்றையும்விட எளியது, ஆனால் பெரிய இழப்பைத் தருவது. கரைத்துக் கொட்டிய பிண்ணாக்கில் கணிசமான பங்கு மீனின் வாய்க்கே போவதில்லை. அது நீரில் கரைந்து சேற்றில் படிந்து உரமாகிறது. உரமாவதால் பாசியும் நுண்ணுயிர்களும் பெருகி ஒரு பகுதி சுற்றி வந்து மீனுக்கே சேரும் என்பது உண்மைதான்; ஆயினும் உரத்துக்குச் சாணம் இருக்கும்போது பிண்ணாக்கு விலை கொடுத்து உரமிடுவது எனக்குச் சம்மதமில்லை. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள பண்ணைகளில், துளையிட்ட சாக்குகளில் தவிட்டையும் பிண்ணாக்கையும் நிரப்பி மூங்கில் கழிகளில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் துளைகளில் வாய் வைத்து உறிஞ்சித் தின்கின்றன. மிதவைத் தீவனத்துக்கு மாற இயலாதவர்கள் இந்தச் சாக்கு முறையையாவது பின்பற்ற வேண்டும் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன். அன்றாடம் எவ்வளவு காலியாகிறது என்பதைச் சாக்கை அவிழ்த்தாலே பார்த்துவிடலாம். குளத்து அடியில் கொட்டியதை யாரும் பார்க்க முடியாது.

மிதவைத் தீவனத்தின் மிகப் பெரிய நன்மையும் இதுவே என்பது என் கருத்து. தின்கிறதா, விடுகிறதா என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூங்கிலாலோ பிளாஸ்டிக் குழாயாலோ நான்கு பக்கச் சட்டம் செய்து நீரில் மிதக்கவிட்டு அதற்குள் தீவனத்தைத் தூவினால், காற்று அதைக் கரைக்கு ஒதுக்காது. இருபது நிமிடத்தில் சட்டத்துக்குள் எதுவும் மிஞ்சாவிட்டால் அளவு சரி அல்லது சற்றுக் குறைவு. அரை மணி கழித்தும் மிதந்துகொண்டிருந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். திடீரென ஒருநாள் மீன்கள் மேலே வராமல் இருந்தால், அது பெரும்பாலும் நீரில் ஏதோ கோளாறு என்பதன் முதல் அறிகுறி.

இங்கே எல்லா மீனும் ஒன்றல்ல என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். தீவனத்துக்கு மாறியவர்களில் பலர் ஏமாற்றம் அடைவது இந்த இடத்தில்தான். ரோகு இடைநீரில் மேயும் மீன். சிலநாள் பழக்கினால் மேலே வந்து உருண்டையை விரும்பித் தின்னும். புல்கெண்டை அதைவிட ஆவலோடு தின்னும். அதனால் தீவனம் வைப்பதற்கு முன்பே கோ-4 போன்ற தீவனப்புல்லை நறுக்கிப் போட்டு அதன் பசியை அடக்கிவிடுவது நல்லது. மிர்கால் அடிமட்டத்தில் சேற்றோடு கிடக்கும் மக்கிய பொருளைத் தின்பது. கட்லாவோ மேல்நோக்கிய அகன்ற வாயோடு மேற்பரப்பில் திரிவது என்றாலும், செவுள் சீப்பால் நீரை வடிகட்டி விலங்கு நுண்ணுயிர்களை உண்பதையே இயல்பாகக் கொண்டது. மிதக்கும் உருண்டையை அது ரோகுவைப் போல் நாடுவதில்லை. ஆகவே மிதவைத் தீவனத்தை மட்டுமே நம்பி, சாணம் போடுவதை நிறுத்திவிட்ட குளத்தில் ரோகு பருத்து, கட்லா மெலிந்து நிற்கும். இயல்பில் மூன்றிலும் வேகமாக வளரக்கூடியது கட்லா என்பதால் அந்தக் குளத்தைப் பார்ப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். காரணம் தெரிந்தவர்களுக்கு இருக்காது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருப்பு விகிதத்தையே மாற்றிப் பெரும்பங்கு ரோகுவும் சிறுபங்கு கட்லாவுமாக விடுவது. ஆந்திரப் பண்ணைகளில் நடைமுறையில் இருப்பது இதுதான். மற்றொன்று, மிதவைத் தீவனத்தோடு நீரின் பசுமையையும் பேணுவது. நான் இரண்டாவதை விரும்புகிறேன். எங்கள் சந்தையில் பெரிய கட்லாவுக்கு எப்போதும் கிராக்கி இருக்கிறது என்பதோடு, நுண்ணுயிர் நிறைந்த நீர் குஞ்சுப் பருவத்தில் எல்லா மீனுக்கும் உதவுகிறது. வெயில் நேரத்தில் கையை முழங்கை வரை நீருக்குள் விட்டுப் பார்ப்பது பழைய சோதனை. முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி மிகுதி, சாணத்தை நிறுத்த வேண்டும். முழங்கைக்கு மேல் நனைந்த பிறகும் உள்ளங்கை தெளிவாகத் தெரிந்தால் நீருக்கு உரம் போதவில்லை. ஓரளவு கணக்கில் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை பார்வை போகும் நீர் நல்லது.

குஞ்சின் தரமும் தீவனத்தின் பலனைத் தீர்மானிக்கிறது. புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் பல தலைமுறைத் தேர்வின் வழியே உருவாக்கிய ஜெயந்தி ரோகு போன்ற இனங்கள், அதே தீவனத்தைச் சாதாரண ரோகுவைவிடச் சிறப்பாக எடையாக்குகின்றன. ஒரு வருடம் நெருக்கமாக வைத்து, குறைந்த தீவனத்தில் வளர்ச்சியை அடக்கி வைத்த பெரிய குஞ்சுகளை வாங்கி விட்டால், இடமும் உணவும் கிடைத்தவுடன் அவை இழந்த வளர்ச்சியை ஈடுசெய்வதுபோல் வேகமாகப் பருக்கின்றன. அத்தகைய குஞ்சுக்கு விலை அதிகம். ஆனால் தண்ணீர் சில மாதங்களே நிற்கும் குளங்களுக்கு அதுவே பொருத்தம்.

இனி அளவைப் பற்றி. 50 கிராமுக்குக் கீழே உள்ள குஞ்சுக்கு உடல் எடையில் 5 சதவீதமும், 100 கிராம் அளவில் 3 முதல் 4 சதவீதமும், 250 கிராமில் 2.5 சதவீதமும், அரைக் கிலோவைத் தாண்டியதும் 2 சதவீதமும், ஒரு கிலோவை நெருங்கும்போது 1 முதல் 1.5 சதவீதமும் ஒரு நாளைக்குப் போதுமானவை. உருண்டையின் அளவும் வாய்க்கேற்ப ஒரு மில்லிமீட்டரில் தொடங்கி மூன்று, நான்கு மில்லிமீட்டர் வரை கூட வேண்டும். ரோகுவின் வாய் சிறியது என்பதால் பெரிய உருண்டைக்கு மாறுவதில் அவசரம் கூடாது. இந்தச் சதவீதங்களைப் பயன்படுத்தக் குளத்தில் எவ்வளவு எடை மீன் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். அது மாதம் ஒருமுறையாவது வீச்சு வலை போட்டு, பிடிபட்டதை எண்ணி நிறுத்துப் பார்க்காமல் தெரியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 4,000 குஞ்சு விட்ட குளத்தில் சராசரி எடை 250 கிராம் என்று வலை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டதெல்லாம் உயிரோடு இருக்கிறது என்று எண்ணினால் 1,000 கிலோ மீன், 2.5 சதவீதத்தில் நாளைக்கு 25 கிலோ தீவனம். ஆனால் கொக்கும் நாரையும் தின்றது, விடும்போதே செத்தது எல்லாம் போக 80 சதவீதம்தான் பிழைத்திருந்தால் உள்ளது 800 கிலோ. தேவை 20 கிலோ. அன்றாடம் வீணாகும் 5 கிலோ, மாதத்தில் 150 கிலோவாகிறது. பணமாகப் போவது ஒருபுறம் இருக்க, அந்த 150 கிலோவும் குளத்து அடியில் அழுகிக்கொண்டிருக்கும் என்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது.

நீரைப் பற்றிப் பேசாமல் தீவனத்தைப் பற்றிப் பேச முடியாது. புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். 28 சதவீதத் தீவனத்தை 20 கிலோ போட்டால் அதில் 5.6 கிலோ புரதமும், ஏறத்தாழ 900 கிராம் நைட்ரஜனும் குளத்துக்குள் போகின்றன. நல்ல தீவனத்திலும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீனின் உடலில் தங்குவது அரிது. மீதி 600 கிராமும் ஒவ்வொரு நாளும் நீரில் சேர்கிறது. பாசி அதை எடுத்துக்கொண்டு பெருகுகிறது. பகலில் ஆக்சிஜனைத் தருகிறது, இரவில் தானே சுவாசித்து அதைத் தீர்க்கிறது. மிதவைத் தீவனம் போடும் குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான். பிற்பகலில் பாசி மிகுந்து நீரின் கார அமில நிலை (pH) 9-ஐத் தாண்டும்போது, அம்மோனியாவின் நச்சு வடிவம் பெருகுவதும் இதன் மறுபக்கம்.

லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும் நீரில் மீன் நன்றாகத் தின்று நன்றாகச் செரிக்கிறது. 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால், தின்றாலும் எடையாவதில்லை. ஏனெனில் செரிப்பதற்கே மீனுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. விலையுயர்ந்த தீவனத்தை வாங்கிக் காலை ஆறு மணிக்கே போடுகிறவர்கள், நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வெயில் ஏறி, ஒன்பது மணியளவில் முதல் வேளையும், நான்கு மணிக்குள் கடைசி வேளையும் போடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும்போது தீவனத்தைப் பாதியாக்க வேண்டும்; மீன் வாய் பிளக்கும் நாளில் அறவே நிறுத்திவிட்டு, காற்றூட்டியை ஓட்டவோ மோட்டார் தண்ணீரை உயரத்திலிருந்து தெளித்துவிடவோ வேண்டும். இரண்டு நாள் பட்டினியால் கெண்டை இளைத்துவிடாது. ஒரு காலைப்பொழுதின் மூச்சுத்திணறல் ஒரு வருட உழைப்பைக் கொண்டுபோய்விடும். மார்கழி, தை மாதங்களில் நீர் குளிரும்போதும் பசி குறையும். அப்போது அட்டவணையைப் பார்க்காமல், மிதக்கும் சட்டத்துக்குள் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கச்சாப் புரதம் என்று குறிப்பிடப்படுவது, தீவனத்திலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் பெறும் எண். அது நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதையோ, அதில் எவ்வளவு செரிக்கும் என்பதையோ சொல்வதில்லை. மிதக்கிறது என்பதும் தரத்துக்குச் சான்றில்லை. மாவு மிகுந்த மட்டமான கலவையும் நன்றாகவே மிதக்கும். வளர்ப்புக் குளத்துக் கெண்டைக்கு 24 முதல் 28 சதவீதமும், குஞ்சுப் பருவத்துக்கு 30-க்கு மேலும் புரதம் போதும். 32 சதவீதத் தீவனத்தை முக்கால் கிலோ ரோகுவுக்குப் போடுவது, காசு கொடுத்து அம்மோனியாவை வாங்குவதாகும். கிஃப்ட் எனப்படும், தேர்வின் வழியே மேம்படுத்தப்பட்ட திலேப்பியா மீனுக்கு வேறு கணக்கு. அதற்கு இரைப்பை உண்டு, வளர்ப்புப் பருவத்திலும் 28 முதல் 32 சதவீதத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது, மீன்வளத்துறையின் அனுமதி பெற்றே வளர்க்க வேண்டும்.

தயாரித்த தேதியைப் பார்க்காமல் மூட்டை வாங்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த தீவனத்தில் வைட்டமின் சி பெருமளவு குறைந்துபோகும். அது போதாத குஞ்சுகளுக்கு முதுகெலும்பு வளைகிறது. ஈரம் பட்ட மூட்டையில் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. கடலைப் பிண்ணாக்கில் இது இன்னும் எளிதாக வரும். தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து விலக்கி அடுக்குவதும், கட்டி பிடித்ததை உதிர்த்துப் போடாமல் ஒதுக்கிவிடுவதும் அவசியம். பூஞ்சைத் தீவனத்தால் மீன் உடனே சாவதில்லை. கல்லீரல் கெட்டு, தின்றும் வளராமல் நிற்கும். காரணம் தெரியாமல் குஞ்சு விற்றவரைக் குறை சொல்வார்கள்.

செலவுக் கணக்கைக் கிலோ விலையில் பார்க்கக் கூடாது. ஒரு கிலோ மீன் எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவாயிற்று என்பதோடு பெருக்கித்தான் பார்க்க வேண்டும். தீவனம் 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1.5 கிலோவில் ஒரு கிலோ மீன் கிடைக்கும் குளத்தில் தீவனச் செலவு 67.50 ரூபாய், 2 கிலோ செலவாகும் குளத்தில் 90 ரூபாய். பிண்ணாக்கும் தவிடும் கலந்தது 30 ரூபாய் என்றாலும், கரைத்துக் கொட்டி 3.5 கிலோ செலவானால் 105 ரூபாய். பெரியப்பாவிடம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். அவர் சாக்கு முறைக்கு மாறினார். குஞ்சுப் பருவத்துக்கு மட்டும் மிதவைத் தீவனம் வாங்குகிறார். குறைந்த முதலோடு தொடங்குகிறவர்களுக்கு அவருடைய வழியையே நானும் பரிந்துரைக்கிறேன். ஏனெனில் சிறு குஞ்சுக்குப் போடும் தீவனத்தின் அளவு குறைவு, கிடைக்கும் பலனோ மிகுதி. முதல் மாதங்களில் நன்றாக உண்டு 100 கிராமைத் தாண்டிய குஞ்சு பறவைக்குத் தப்புகிறது, நோய்க்கும் எளிதில் இடம் கொடுப்பதில்லை.

மீன் பெரிதாகப் பெரிதாக அதே தீவனத்தில் கூடும் எடை குறைந்துகொண்டே வரும். மாதாந்திர வலையில் இந்த மாதம் கூடிய எடையின் மதிப்பு இந்த மாதத் தீவனச் செலவைத் தாண்டவில்லை என்று தெரிந்தால், வியாபாரியை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிடிப்பதற்கு முந்தைய நாள் முழுவதும் தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். குடல் காலியாக இருக்கும் மீன் இழுவலையிலும் வண்டியிலும் தாங்கும், ஐஸில் வைத்தாலும் வயிறு சீக்கிரம் கெடாது.